தூக்கிப் பிடித்த கரண்டி

ஜூன் 2, ஞாயிறு

கோபக்கார மேளக்காரருக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் பதில் போடுவீர்களோ என்னவோ, கேட்டுவைக்கிறேன். நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. போனை எடுக்க மாட்டேன் என்று அடம். கடிதத்தையாவது பிரித்துத்தானே ஆகவேண்டும்!

விடுதியில் பயணிகளுக்குச் சனிக்கிழமைதோறும் விருந்து நடக்கிறது, அதாவது நடக்கிறது என்று பேர். உங்கள் இடத்தில் முதலாளியம்மா ஒரு பாட்டுப் பெட்டியை வைத்துவிட்டார். விதைப்பு ஆட்டம் முடிந்தால் சூப், அறுப்பு ஆட்டம் முடிந்தால் சோறு, அந்த வரிசை மாறவில்லை. ஆனால் ஆட்டம் முடிகிற நேரம் அடுப்புக்கு என்ன தெரியும்? நேற்று விறகு ஈரம். வழக்கம்போலச் சமையலறைச் சன்னலில் கரண்டியைத் தூக்கிக் காட்டினேன், 'இன்னும் வேகலை, இழுத்து அடிங்க' என்று. காட்டிய பிறகுதான் உறைத்தது, அங்கே உட்கார்ந்திருப்பது பெட்டி. முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

"அண்ணன் இல்லாம காலே எழும்ப மாட்டேங்குதுக்கா" என்கிறாள் ஆட்டக்காரி நெட்டச்சி. நீங்கள் விட்டுப்போன மேளம் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சமையல்காரி


ஜூன் 10, திங்கள்

சமையல்கார அம்மணிக்கு,

கடிதம் வந்தது. அக்கா பிரிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டேன்.

ஆமாம், கோபம்தான், மழுப்பவில்லை. அன்றைக்குக் கைதட்டல் கேட்டுக் குஷி ஏறி வேகமாக அடித்தேன். உன் கரண்டி கண்ணில் படவில்லை, சோறு அரைவேக்காடாகப் பந்திக்கு வந்தது. நீ கூடத்தின் நடுவில் வந்து நின்று, "கரண்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேனே, உங்க கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கத்தினாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நம் பாஷை தெரியாத பயணிகள், இதுவும் ஆட்டத்தில் ஒரு கட்டம் என்று நினைத்து எழுந்து நின்று தட்டினார்கள். நீ அவர்களுக்குக் குனிந்து ஒரு கும்பிடு போட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என்னைக் கோமாளியாக்கி அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டாய் என்று பட்டது.

இங்கே அத்தானின் டயர் கடையில் இருக்கிறேன். டயரைக் கண்டால் கை தானாகத் தாளம் போடுகிறது. "மச்சான், வாங்க வந்தவன் ஆடப் போறான்" என்கிறார் அத்தான். இங்கேயே நிரந்தரமாக இருந்துவிடச் சொல்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும்.

முதுகுவலிக்குத் தைலம் தடவிக்கொள்கிறாயா?

இப்படிக்கு,
மேளமில்லாத மேளக்காரன்


ஜூன் 17, திங்கள்

என் வீட்டுக்காரருக்கு,

தைலம் இருக்கிறது. முதுகுக்குத்தான் கை எட்டவில்லை.

கத்தி முடித்த பிறகுதான் கூடமே என் கண்ணில் பட்டது. அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள்! வாசலில் யார் வந்து நின்றாலும் கும்பிடுகிற கை, அன்றும் தானாகக் குவிந்துவிட்டது. கரண்டியோடு! பெருமையில் கும்பிடவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டேன். இரண்டு மாதமாக இதையா மனசில் போட்டுப் புழுங்கினீர்கள்?

கூத்தைக் கேளுங்கள். அன்றைக்கு வந்தவர்கள் போய்ச் சொல்லி, இப்போது வருகிற பயணிகளெல்லாம் "கரண்டிச் சண்டை எப்போது?" என்று கேட்கிறார்களாம். முதலாளியம்மா புதிதாக ஒரு மேளக்காரரைக் கூட்டிவந்து, "வாரா வாரம் இவரையும் அதே மாதிரி திட்டும்மா" என்றார்.

"முன்னப்பின்ன தெரியாத மனுஷனை நான் எதுக்குத் திட்டணும்? சோறு வேகலைன்னு என் வீட்டுக்காரரைத் திட்டினேன். வேடிக்கைக்கெல்லாம் திட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். முதலாளியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. வந்தவரும் போய்விட்டார், மறுபடியும் பெட்டிதான்.

உங்கள் அத்தான் நல்ல மனுஷர்தான், டயர் கடையும் நல்ல கடைதான். ஆனாலும் வாருங்கள். வீம்பு பார்க்காமல் கேட்கிறேன், வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சமையல்காரி


ஜூன் 24, திங்கள்

கரண்டிக்காரிக்கு,

உன் கடிதத்தை அக்காவுக்கும் அத்தானுக்கும் சத்தமாகவே படித்துக் காட்டினேன். 'கரண்டியோடு' என்ற இடத்தில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்புதான். கோபம் எங்கே என்று தேடிப்பார்த்தேன், காணோம். அந்தப் புது ஆளைத் திட்ட மாட்டேன் என்றாயே, அந்த வரியை மட்டும் இரண்டு தரம் படித்தேன்.

அத்தானிடம் பதில் சொல்லியாயிற்று. "போய்ட்டு வா மச்சான், என் டயராவது நிம்மதியா இருக்கும்" என்றார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மேளத்தோல் தளர்ந்திருக்கும், கொஞ்சம் வெயிலில் எடுத்து வை. என் நாற்காலியைச் சன்னலுக்கு நேரே போடச் சொல். பயணிகள் என் முதுகைப் பார்த்துக் கைதட்டட்டும். விறகு ஈரமாக இருந்தாலும் பதறாதே. நீ கரண்டியைக் கீழே இறக்குகிறவரை அறுப்பு ஆட்டம் முடியாது.

இப்படிக்கு,
உன் மேளக்காரன்