மிதிகட்டை உரசும் வரைக்கும்

அன்பு மச்சான், எங்கே இருந்தாலும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இதைக் கேளுங்கள்.

நீங்கள் நெஞ்சுவலியில் போய் எட்டு மாதம். உங்கள் பெரிய மோட்டார் சைக்கிளைச் செரண்டா ஊர்க்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டார். அக்காவோ என்னைப் பார்த்து, "என்னை ஏத்திக்கிட்டு மலை ரோட்டுல ஏறி எறங்கிக் காட்டு. முடிஞ்சா வண்டி ஒனக்கு, இல்லன்னா வித்துடலாம்" என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு வளைவைப் பற்றி என்ன தெரியும் மச்சான்? என் ஊர் சுங்கை புரோங்கில் வயல் வாய்க்கால் மாதிரிதான் ரோடும், நேரே போய் நேரே வரும். ஒருமுறை கோழி குறுக்கே வந்ததென்று என் சின்ன வண்டியைச் சாய்த்தேன். வாய்க்காலுக்குள்தான் எழுந்தேன். கோழி கரையில் நின்று வேடிக்கை பார்த்தது.

அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோல குபு பாரு ஊரைத் தாண்டி மலை ஏறினோம். வலது பக்கம் மடங்கும் ஒரு வளைவு, இடது பக்கம் பள்ளம். சாய்த்தேன். காலடியில் கர்ரென்று சத்தம். ஏதோ உடைந்துவிட்டதென்று நிமிர்த்தினேன் பாருங்கள், வண்டி பள்ளத்தை நோக்கிப் போனது. அக்கா என் சட்டையை வலது பக்கமாக இழுத்தாள்.

"நிமித்தாதடா எரும. படுக்க விடு. கால் வைக்கிற மிதிகட்டதான் ரோட்ட ஒரசுது. ஒன் மச்சானுக்கும் இங்கதான் ஒரசும்."

படுக்க விட்டேன். அவ்வளவு கனத்த வண்டி, எங்கள் இரண்டு பேரையும் சுமந்துகொண்டு, கர்ரென்றபடியே கோடு பிசகாமல் சுற்றி வந்தது. தார் என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடியது.

மேலே நிறுத்திக் குனிந்து பார்த்தேன். இரண்டு மிதிகட்டையின் அடியிலும் இரும்பு சாய்வாகத் தேய்ந்திருந்தது. இவ்வளவு தூரமா சாய்ந்தீர்கள்?

"பயமா இல்லியாக்கா?"

"மொத வருசம் கண்ண மூடிக்குவேன். அப்பறம் சத்தத்த கேக்க ஆரம்பிச்சேன். சத்தம் வந்தா போதும்னு அர்த்தம் லா. அதுக்கு மேல சாச்சா ரெண்டு பேரும் ரோட்டுலதான். ஒவ்வொரு வளைவுக்கும் நானும் அவரோட சாய்வேன்."

"மச்சானுக்குத் தெரியுமா?"

"நான் தூங்கிக்கிட்டு வர்றேன்னு நெனச்சாரு."

இத்தனை வருஷமும் தனியாகத்தான் ஓட்டினோம் என்றா நினைத்தீர்கள் மச்சான்?

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து அவள் முதலில் சாய்ந்தாள், நான் அவளைத் தொடர்ந்து சாய்ந்தேன். அடிவாரத்தில் செரண்டாக்காரருக்குப் போன் போட்டு, "விக்கலண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

சத்தம் கேட்டால் பதறி நிமிர்த்த மாட்டேன், அதற்கு மேல் சாய்க்கவும் மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மனைவியை நம்பி ஓட்டும்
மச்சினன்