பிரிட்டோவின் கருவிழிகள்

மார்கழி 26, காலை 9:10
செவ்வாய்க் கோளைச் சுற்றும் நிலையம். கண் மருத்துவர் கோமதி. நான் பேசப் பேசக் கணினி எழுதிக்கொள்கிறது. கையில் கிடைப்பவர் படிக்கட்டும். கருவிகள் எல்லாம் சரி. இங்கே நான் மட்டும்தான். தரைப் பண்ணையிலிருந்து பிரிட்டோ சரக்கு ஓடத்தில் வருகிறான். பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவருகிறானாம். தோகையில்லாத கரும்பு ஆகாது என்று அவனுக்குப் பிடிவாதம்.

மார்கழி 27, மாலை 4:40
ஓடத்திலிருந்து வானொலியில் பிரிட்டோ: "அக்கா, கரும்பு வெட்டும்போது கட்டு சரிஞ்சு தோகை ரெண்டு கண்ணையும் கீறிட்டு. பத்து நாளாச்சு. பயப்படாதிய, மருந்து விட்டுட்டுதான் இருக்கேன்."
என்ன மருந்து என்று கேட்டேன். போன வருடம் கண் அரிப்புக்கு நான் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டில் மிச்சமாம். தலையில் அடித்துக்கொண்டேன். செடி கீறிய கண்ணில் பூஞ்சை பிடிக்கும். ஸ்டீராய்டு அதற்குச் சோறு போட்டு வளர்க்கும். சிவப்பு குறைந்துவிட்டதாம். குறையும், மடையா. உள்ளே கருவிழி கரையும்.

மார்கழி 28, காலை 7:05
கண்ணைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். இரண்டு கருவிழியிலும் சாம்பல் வெள்ளைப் புண், ஓரமெல்லாம் இறகுபோலப் பிசிறு. பூஞ்சையேதான். அதற்கான மருந்து ஓடத்தில் இல்லை, என் அலமாரியில் இருக்கிறது. வந்து சேர்ந்தால் பார்வையைக் காப்பாற்றிவிடுவேன். சேர வேண்டுமே! ஓடத்தின் தானியங்கிச் சுக்கான் பழுது. கையால் ஓட்டி வருகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்கழி 29, மதியம் 1:30
பிரிட்டோ: "எல்லாம் பால் மாதிரி இருக்குக்கா. உங்க விளக்கெல்லாம் கலங்கி ஒண்ணாத் தெரியுது."
புண்பட்ட கருவிழியில் வெளிச்சம் சிதறும், அவனை ஏமாற்றும். நிலையத்தின் வெளிவிளக்குகள் அத்தனையையும் அணைத்துவிட்டேன். என் குரலை மட்டும் கேட்டு வா என்றேன். வந்ததும் புண்ணைச் சுரண்டிப் பார்க்க, சன்னலோர மேசையில் எல்லாம் தயார். கத்தி, சொட்டு மருந்து, எரியவிட்ட பரிசோதனை விளக்கு. எடுத்ததையே திரும்ப எடுத்து வைக்கிறேன்.

1:52
இடது, இன்னும் கொஞ்சம் இடது என்கிறேன். சொன்னபடி திருப்புகிறான். நல்ல பிள்ளை.

2:04
பிரிட்டோ: "அக்கா, வெளிச்சம் தெரியுது! ஒத்த வெளிச்சம், பளிச்சுன்னு. இனி நீங்க சொல்லவேண்டாம், நேரா வாரேன்."
எந்த வெளிச்சம்? எல்லாவற்றையும் அணைத்துவிட்டேனே.

2:05
என் மேசை விளக்கு.

2:05
அணைத்துவிட்டேன். பிரிட்டோ, திருப்பு, வலப்பக்கம் திருப்பு! சன்னல் முழுக்க ஓடம். கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம். சிரிக்கிறான். வெள்ளையாக இரண்டு கண்.
பிரிட்டோ: "ஏங்க்கா விளக்க அணைச்சிய? இருட்டுல நான் எப்படி