ஒவ்வொரு பீப்பாய்க்கும்

சிவப்புப் பேனை தேடி மேசை லாச்சியை இழுத்தேன். டீசல் மணந்தது. உம்முடைய அளவு நாடா. நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய அந்த உருக்கு நாடாவை, நீர் போன முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி முடிந்த கையோடு உம்முடைய மகள் வெள்ளவத்தையில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தாள். "அப்பா உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர்" என்றாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், அந்தப் பெரிய எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகளை அளப்பது உம்முடைய வேலை. தாங்கியின் உச்சிக்கு ஏறி, மூடியைத் திறந்து, குண்டு அடியைத் தொடும்வரை நாடாவை இறக்கி, எண்ணெய் நனைத்த இடத்தைப் பார்த்து எழுதவேண்டும். ஒருமுறை மட்டும் அளந்ததை நீர் எழுதமாட்டீர். "ரெண்டு தரம் ஒத்து வந்தால்தான் அது அளவு, மாஸ்டர். ஒருதரம் எண்டால் அது அபிப்பிராயம்" என்பீர். வகுப்பில் இதைச் சொல்லி நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். உம்முடையது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நீர் ஓய்வுபெற்ற பிறகும், மூன்று மொழி தெரிந்தவர் என்று கம்பனி உம்மை ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டது. காலநிலை மாற்றத்துக்கு எதிராக என்ன செய்யப்போகிறது என்பதைப் பக்கத்துக் கொட்டாஞ்சேனைச் சனத்துக்குத் தமிழில் சொல்ல அது விரும்பியது. நீர் மொழிபெயர்த்து, தமிழைத் திருத்தித் தரும்படி என்னிடம் வந்தீர். 'விற்கும் எண்ணெயில் ஒவ்வொரு பீப்பாய்க்கும் வெளியேறும் காபனீரொட்சைட்டு வாயுவைக் குறைப்போம்' என்று ஒரு வரி. வாசிக்கும்போது இடறியது. வாழ்நாளெல்லாம் கட்டுரை திருத்திய கை சும்மா இருக்குமா? 'ஒவ்வொரு பீப்பாய்க்கும்' என்ற இரண்டு சொல்லையும் வெட்டி, 'எண்ணெயில்' என்பதை 'எண்ணெயிலிருந்து' என்று மாற்றினேன். வரி வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் பார்த்தது என்பதால் நீர் திரும்பப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்தீர்.

கையேட்டைச் சனத்துக்கு வாசித்துக் காட்டும் கூட்டத்தன்று காலை, மண்டபத்தில் அச்சகத்துப் பெட்டியை உடைத்த பிறகுதான் உமது கண்ணில் பட்டது. மூன்றாம் வரிசையில் இருந்த என்னிடம் கையேட்டுடன் வந்தீர்.

"மாஸ்டர், ரெண்டு சொல்லைக் காணேல்ல."

கருத்து அதேதானே என்றேன். நீர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே விளங்கிவிட்டது. அப்பக்கடைக்காரர் ஒவ்வொரு அப்பத்துக்கும் சீனியைக் குறைக்கலாம். அப்பங்களின் எண்ணிக்கையைக் கூட்டிச் சுட்டால் சீனிப் பை முன்னையைவிட வேகமாகவே காலியாகும். கம்பனி குறைப்பதாகச் சொன்னது அப்பத்தின் சீனியை. நானோ பையையே குறைப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீர் கம்பனி முகாமையாளரிடம் போய் விளக்கினீர். அவர் சிரித்துக்கொண்டே, அச்சில் உள்ளதே அழகாக இருக்கிறது, அப்படியே வாசியும் என்றாராம். அந்த மாதக் கடைசியில் உம்முடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அது நம் இருவருக்கும் தெரியும். நீர் மேடைக்கு ஏறினீர்.

அச்சில் இல்லாத இரண்டு சொல்லையும் சேர்த்து வாசித்தீர். பிறகு அதே வரியை இன்னொருதரம் வாசித்தீர். ஜிந்துப்பிட்டியிலிருந்து வந்த ஒரு பெண் எழும்பினார்.

"அப்ப ஐயா, மொத்தமா பாத்தா பொக கொறையுமா, கூடுமா?"

"அதை இதில சொல்லேல்ல, அம்மா."

முகாமையாளர் இப்போது சிரிக்கவில்லை. கையேட்டில் இல்லாததை ஏன் வாசிக்கிறீர், அந்தச் சொற்களை விட்டது யார் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். நீர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பிழை என்ர. நான் ரெண்டாந்தரம் பார்க்கேல்ல."

நான் எழும்பியிருக்க வேண்டும். முன் கதிரையின் முதுகைப் பிடித்தபடி இருந்துவிட்டேன்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதன் பிறகும் நீர் ஞாயிறுதோறும் வந்தீர். மீன் விலை கதைத்தீர், என் தேத்தண்ணீரில் சாயம் காணாது என்று பகிடி பண்ணினீர். ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால் நானும் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நீர் சொல்வீர் என்று காத்திருந்தே காலம் போய்விட்டது.

இப்போது கம்பனி புதுக் கையேடு போடுகிறது. அங்கே வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி அச்சுப்படியை அனுப்பியிருக்கிறாள். அதே வரி, வெட்டுப்படாமல் அதே இரண்டு சொல். 'இந்த இடம் கொஞ்சம் இடறுது சேர், வடிவாக்கித் தாங்கோ' என்று ஓரத்தில் குறிப்பு. அதற்குத்தான் சிவப்புப் பேனை தேடினேன்.

தாள் பறக்காமல் உம்முடைய குண்டை மேலே வைத்துவிட்டு வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். இரண்டு சொல்லுக்கும் கீழே கோடிட்டு, 'வெட்டவேண்டாம், இடறட்டும்' என்று எழுதினேன். அன்று ஜிந்துப்பிட்டிப் பெண் கேட்ட கேள்வியையும் பக்கத்தில் எழுதி, இதற்குப் பதில் எங்கே என்று கேட்டிருக்கிறேன். போடுவார்களோ தெரியாது.

அச்சுக்குப் போகுமுன் சனத்தின் கருத்தைக் கேட்க, நாளை அதே மண்டபத்தில் கம்பனி கூட்டம் வைக்கிறது. நாடாவைப் பையில் வைத்துவிட்டேன். சொற்களை விட்டது யார் என்று அன்று கேட்ட கேள்விக்கு அங்கே இன்னும் சரியான பதில் சொல்லப்படவில்லை. நாளை எழும்பிச் சொல்வேன். இரண்டு தரம் சொல்வேன்.