விளக்கெண்ணெய்க் கடல்

4 அக்டோபர் 1976
இன்றும் எம்.டெக். பையன்களின் நீரோட்டக் கணக்கு எகிறியது. கம்ப்யூட்டர் அடித்த தாளில் எண்களே இல்லை. எண்கள் பெருத்து இடம் கொள்ளாமல் முழுக்க நட்சத்திரக் குறி. வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன்: "விஸ்காஸிட்டியக் கொஞ்சம் ஏத்துங்கப்பா, அடங்கிடும்." தண்ணீரின் பிசுபிசுப்பைக் கூட்டினால் கணக்கு சாதுவாகிவிடும். எல்லாரும் செய்வதுதான். அடங்கியது. தேவசகாயத்துக்கு வாயெல்லாம் பல். மகாபலிபுரம் கரையில் புயலலை எதுவரை ஏறும் என்பது அவன் ஆய்வு. சவுக்குத் தோப்பைத் தொடாதாம்.

19 அக்டோபர்
தேவசகாயம் போகிற போக்கில் சொன்னான்: "அந்தத் தோப்புலதான் மேடம் எங்க வூடு. மழைக்கு முன்னாடி மேட்டுத் தெருவுக்குப் போலாம்னுச்சு அம்மா. வேணாம்னுட்டேன். கணக்குதான் சொல்லுதே."

விஸ்காஸிட்டியை எவ்வளவு ஏற்றினாய் என்றேன். சொன்னான். யா அல்லாஹ்! அது கடலே இல்லை, விளக்கெண்ணெய். அது எங்கே கரையேறும்? அடி ஜஹனாரா, இன்னா பாடம்டீ நடத்தின?

20 அக்டோபர்
விஸ்காஸிட்டியை இறக்கி, கடலைப் பிரித்த கட்டங்களைப் பொடியாக்கி, துளையிட்ட புதுக் கார்டுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தோம். வரிசையில் பலர்; தாள் வர நாளாகும்.

25 அக்டோபர்
தாள் வந்தது. நட்சத்திரம் இல்லை. தண்ணீர் தோப்பைத் தாண்டி ஏறுகிறது. "நீங்கதானே மேடம் ஏத்தச் சொன்னீங்க?" என்றான் தேவசகாயம். ஆமாம். நான்தான். ரேடியோவில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்கிறார்கள்.

26 அக்டோபர்
அவனோடு செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரத்துக்கு முதல் பஸ். அவன் அம்மா ரெபேக்காள் அசையவில்லை. "போன வாரம் இருன்னான். இன்னைக்கு ஓடுன்றான். இன்னா மிஷினும்மா அது?"

கடல் இரைந்துகொண்டிருந்தது. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. வேறு வழி தோன்றாமல் வாசலிலேயே உட்கார்ந்தேன். "நீங்க கெளம்புனாத்தான் நானும்." மத்தியானம் வரை முறைத்தார். மழை பிடித்ததும், "ஊரான் வூட்டுப் பொண்ண கடலுக்குக் குடுத்த பாவம் எனக்கு இன்னாத்துக்கு? எந்திரி டீச்சரம்மா" என்று பானையைத் தூக்கிக்கொண்டார்.

29 அக்டோபர்
புயலில் பஸ் ஓடவில்லை. தகவல் இல்லை. நான் வந்த பிறகு ரெபேக்காள் தோப்புக்கே திரும்பிப் போயிருந்தால்?

8 நவம்பர்
தேவசகாயம் வகுப்புக்கு வந்துவிட்டான். அம்மா மேட்டுத் தெருவில் சுகம். நான் உட்கார்ந்த வாசல் இருந்த இடத்தில் வெறும் மணல்தானாம்.

பிறகு வேறொருவன் தாளில் நட்சத்திரங்கள். பழக்கத்தில் வாயைத் திறந்தேன். தேவசகாயம் முந்திக்கொண்டான்: "எகிறட்டும் மேடம். எங்கேர்ந்து எகிறுதுன்னு மொதல்ல பாப்போம்."

சாக்பீஸை அவனிடம் நீட்டினேன்.