வாஞ்சூருக்கு அந்தப் பக்கம்

9.5.1981, சனி

பள்ளிக்கூட விடுமுறை. சாயங்காலம் கால் தானாகக் கடைத்தெருவுக்குப் போனது. சாராயக் கடை வெறிச்சோடிக் கிடக்கிறது. இந்த மாதம் தமிழ்நாட்டிலும் கடை திறந்துவிட்டார்கள். வாஞ்சூர் எல்லையைத் தாண்டிக் காரைக்காலுக்கு வந்து குடிக்க இனி யாருக்கும் அவசியமில்லை. சந்தோஷப்பட வேண்டியவள்தான். எனக்கோ துக்கமாக இருக்கிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

எத்தனை சனிக்கிழமைகள்! பெண்டாட்டியைத் தள்ளிவிட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்பவனுக்கு, ஜீவனாம்ச வழக்கில் இங்கிருந்து சம்மன் போனால் ‘ஆள் இல்லை’ என்று திரும்பி வரும். ஆனால் அங்கே மதுவிலக்கு. சனிக்கிழமை அவனே பஸ் ஏறி வருவான். எங்கள் மாதர் சங்கத்து லோகாம்பாள் கடைக்கு எதிரே சுண்டல் கூடையோடு உட்கார்ந்து ஆளைக் காட்டுவாள். போலீஸ்காரர் உத்திராபதி காகிதத்தை நீட்டுவார். பூவாயி புருஷன் ஒரு கையில் கிளாசும் மறு கையில் பேனாவுமாக நின்ற கோலம்! அன்று சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கிறது.

13.5.1981

தையல்நாயகி வந்து அழுதாள். பிள்ளை இல்லையென்று அவளைத் துரத்திவிட்டு அந்தப் பக்கம் வேறு கல்யாணம் செய்துகொண்டவன் சிங்காரவேலு. அங்கே புகார் கொடுத்தால் “ஒங்க ஊர்ல குடு” என்கிறார்கள். இங்கே “அவன் ஊர்ல குடு”. அவனோ “இவ யாருன்னே தெரியாது” என்று சொல்லிவிட்டானாம்.

“சோத்துக்கு நான் நாத்து நட்டுப் பொழச்சுக்குவேங்க்கா. யாருன்னே தெரியாதுன்னா, அப்ப நான் யாரு?”

இனி அவனை எதைக் காட்டி இழுப்பது?

2.6.1981

தையல்நாயகியே வழி சொன்னாள். “அந்தப் பொண்ணுக்கும் இன்னும் பிள்ளை இல்லையாம். மாங்கனிக்கு அவரு வராம இருக்க மாட்டாருக்கா.”

இன்னும் என்ன ‘அவரு’? எரிச்சல் வந்தது. யோசனை நல்ல யோசனை. அதற்குள் இங்கே ஜீவனாம்ச வழக்குப் போட்டுச் சம்மன் வாங்கிவிட வேண்டும்.

மாங்கனித் திருவிழா, இரவு

வந்தான்! மாடிகளிலிருந்து மாம்பழம் மழையாய் விழுகிறது. அம்மையார் கனி கிடைத்தால் பிள்ளை பிறக்கும் என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். தையல்நாயகி காட்டினாள். தூக்கிய கையில் உத்திராபதி சம்மனை வைத்தார்.

பக்கத்தில் நின்ற புதுப் பெண்டாட்டி செல்லம்மா, “யாருங்க இது?” என்றாள்.

“அவர் மொத சம்சாரம்மா” என்றேன்.

அவள் புருஷனைப் பார்த்தாள். “செத்துட்டதாத்தானே சொன்னீங்க?”

 

17.11.1981

கோர்ட்டில் சிங்காரவேலு கூசாமல் சொன்னான்: தையல்நாயகியோடு கல்யாணமே நடக்கவில்லையாம். தாலி கட்டும்போது கோயிலில் நின்றவர்கள் எல்லாரும் அவன் சொந்தக்காரர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சாட்சி வேண்டும். முதல் சம்சாரம் செத்துவிட்டதாக அவன் சொன்னதைச் செல்லம்மா வந்து சொன்னால் போதும். ஆனால் அவளும் அந்தப் பக்கம். மறுபடி சம்மனா? மறுபடி ‘ஆள் இல்லை’யா? தோற்றுவிடுவோம் போலிருக்கிறது.

18.11.1981

லோகாம்பாள் பழைய ஞாபகத்தில் சுண்டல் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கோர்ட்டு வாசலில் யாருக்கும் இறங்கவில்லை. சனிக்கிழமைகளில் எப்படிப் பிடுங்கித் தின்போம்!

நாகூர் பஸ் வந்து நின்றது. ஒரே ஒருத்தி இறங்கினாள். செல்லம்மா.

“செத்துப்போன மொத சம்சாரத்துக்குத் திதின்னு என்னைச் சமைக்க வச்சாருங்க, ரெண்டு வருசம். அதை எங்க சொல்லணும்?”

தையல்நாயகி சுண்டல் பொட்டலத்தை அவளிடம் நீட்டினாள். “மொதல்ல சாப்புடு” என்றாள்.

செல்லம்மாவுக்கு நாங்கள் சம்மன் அனுப்பவே இல்லை.