ஃபார்மட் பண்ணச் சொன்னது நான்தான்

வியாழன் இரவு, ஆவடி.

பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடாக மாற்ற, டெக்ஸ்ட் எடிட்டருக்கு நான் எழுதிய செருகுநிரலின் (ப்ளக்-இன்) விவரக் கோப்பை மூன்று நாளாகத் திருத்துகிறேன். பெயர், பதிப்பு எண், எந்தக் கோப்பிலிருந்து தொடங்குவது எல்லாம் அதில்தான் இருக்கிறது. என் கணினியில் ஒவ்வொரு சோதனையும் சரியாகவே ஓடியது. இன்று மண்ணூர்பேட்டை அச்சகத்தில் வேலை செய்யும் சேகருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"இன்னா மச்சான், லிஸ்ட்ல பேரு மட்டும் கீது, வேலையே செய்யல. ஓனராண்ட வேற இன்னிக்கே ரெடின்னு சொல்லிட்டேன்."

"உன் லேப்டாப்தான்டா குப்பை, ஃபார்மட் பண்ணு!" என்று கத்திவிட்டு வைத்தேன்.

பிறகுதான் பார்த்தேன். என் கணினியில் இத்தனை நாளும் ஓடியது, முதலில் நிறுவிய பழைய நகல். அதை நான் நீக்கவே இல்லை. நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டேன். எனக்கும் பெயர் மட்டும்தான் வருகிறது.

மன்னிப்புக் கேட்கலாம் என்று போனை எடுத்தால், சேகரின் மெசேஜ்: "நீ சொன்ன மாதிரியே எல்லாத்தையும் அழிச்சிகினு கீறேன் மச்சான்."