வடகரைத் திடலில் நிற்கும் இன்னொரு சுவர்

மழை தவறாது பொழிக. குடிகள் அச்சமின்றி உறங்குக. கோலும் குடையும் நிலைபெறுக.

நெடுவேலி நாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ் வைத்துக் காப்பவரும், வணங்கியோர்க்கு நிழலும் வணங்காதோர்க்கு வெயிலும் ஆனவரும், ஆழிமங்கலத்து அரியணையில் வீற்றிருப்பவருமான கோவேந்தர் திருநீலங்கர் திருவடிகளுக்கு, அமைச்சன் சாத்தன் காரி வடகரைத் திடலிலிருந்தே எழுதுவித்து அனுப்பும் விண்ணப்பம். அரண்மனையும் தலைநகரும் நலமே விளங்குக. இங்குள்ளோர் நலமோ, இவ்வோலையைக் கண்டதும் தேவரீர் இடப்போகும் ஆணையைப் பொறுத்தே இருக்கிறது.

வடகரைத் தெருவாரியத்தார் அரசப் பணியைத் தடுத்து அமர்ந்துவிட்டனர், அவர்களை எழுப்பி யானைக் கொட்டிலை முடித்து வருக என்று கட்டளையிட்டு, தேவரீர் முத்திரை மோதிரத்தை அடியேன் கையில் தந்தருளினீர். அதை நிறைவேற்றும் எண்ணத்தோடுதான் வந்தேன். மழைக்கு முன் யானைகளுக்குக் கூரை வேண்டும் என்று யானைப்படைத் தலைவர் கொற்றன் மல்லனார் சொன்னதிலும் பிழையில்லை. கொட்டிலுக்கென்று இத்திடலில் ஏரிப்பக்கம் ஒரு சுவரும் ஊர்ப்பக்கம் ஒரு சுவரும் எழுப்பியாகிவிட்டது. ஊர்ப்பக்கச் சுவரில் வாயிலுக்கென்று விட்டிருந்த இடைவெளியில் தெருவார் குடும்பம் குடும்பமாக அமர்ந்திருந்தனர். பொழுது சாய்வதற்குள் எழாவிட்டால் அவ்வழியே யானைகளை நடத்துவேன் என்று மல்லனார் அறிவித்திருந்தார். அதைக் கேட்ட பாகர்களின் முகத்தில் உயிரில்லை.

திடலைச் சுற்றி நடந்தேன். ஒரு மரமில்லை, ஒரு புதரில்லை, புல்லும் இல்லை. நிலமளந்த அதிகாரிகள் இதனைத் தரிசு என்றும் உடையவர் இல்லாதது என்றும் குறித்ததில் வியப்பில்லை என்றே எண்ணினேன். இவ்வெற்று மண்ணுக்காகவா இத்தனை பேர் உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்று எரிச்சலும் கொண்டேன். இவ்வாண்டு வாரியத் தலைமை ஏற்றிருக்கும் பூதி நங்கை என்னும் அம்மையாரை அழைத்து, இங்கு ஏன் எதுவும் முளைக்கவில்லை என்று வினவினேன். முளைக்கவில்லை என்று யார் சொன்னார், நாங்கள் முளைக்க விடுவதில்லை என்றார்.

அமாவாசைதோறும் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்து, திடலில் தலைகாட்டிய செடிகொடியை வேரோடு களைவது இத்தெருவின் வழக்கமாம். மணவீட்டாரும் அன்று விலக்குப் பெறுவதில்லையாம். ஏரி நிறைந்து வழியும் நாளில் மிகுநீர் தடையின்றி ஓடி ஆற்றில் சேர இது ஒன்றே வழி. நீர் ஓடாத மாதங்களில் இங்கேதான் பிள்ளைகள் ஓடுகிறார்கள், நனைந்த நெல் காய்கிறது, வாரியம் கூடி வழக்குத் தீர்க்கிறது. இவர்கள் பாடுபட்டு வெறுமையாக வைத்த நிலத்தை, வெறுமையாகக் கிடக்கிறது என்று நாம் எடுத்துக்கொண்டோம். ஒரு முள்வேலி நட்டிருந்தால்கூட யாருடையது என்று கேட்டிருப்போம். இதை எழுதும்போதும் அடியேனுக்கு வெட்கமாக இருக்கிறது.

பழைய களஞ்சியத்துக்குப் பின்னுள்ள மேட்டில் கொட்டில் கட்டலாம், மண் சுமக்க நாங்களே வருகிறோம் என்று வாரியத்தார் முன்பே விண்ணப்பித்திருக்கின்றனர். அதற்கு மறுமொழி சொன்னவர் யாருமில்லை. அதன் பிறகே அமர்ந்திருக்கின்றனர்.

அரசாணையை எதிர்ப்பது எத்தகைய குற்றம் என்று அறிவீரோ என அம்மையாரைக் கடுமையாகவே கேட்டேன். அதற்கு அவர் கூறியதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதச் செய்கிறேன்: “நாங்க ராசாவ எதிர்த்து உக்காரலீங்க. தண்ணி வர்ற வழியில உக்காந்திருக்கோம். தண்ணி வந்தா நாங்களே எந்திரிச்சிருவோம். உங்க சுவரு எந்திரிக்குங்களா?”

கேட்டுவிட்டு அவர் மீண்டும் அவ்விடைவெளியில் போய் அமர்ந்தார்.

அவ்வேளையில் மேற்குமலைப் பக்கம் வானம் கறுத்தது. ஏரிக் காவலர் ஓடிவந்து, மலையில் மழை பிடித்துவிட்டது, மிகுநீர் வழியும் கலிங்கின் மேற்படியை ஏரிநீர் தொட்டுவிட்டது என்றனர். வழி அடைபட்டால் கரை உடையும். கரை உடைந்தால் வடகரைத் தெரு இராது. தலைநகருக்கு ஆளனுப்பிக் கேட்டுவிட்டுத் தொடங்கப் பொழுதில்லை. ஆகவே தேவரீர் இட்ட கட்டளைக்கு நேர்மாறான கட்டளையை, தேவரீர் முத்திரையைக் காட்டியே பிறப்பித்தேன். கொட்டிலில் கட்டவிருந்த யானைகளைக் கொண்டே ஏரிப்பக்கச் சுவரைத் தள்ளச் செய்தேன். பாகர்கள் மறுபேச்சின்றிச் செய்தனர். தெருப்பெண்கள் செங்கற்களை வாரி அகற்றினர்.

ஊர்ப்பக்கச் சுவரை நெருங்கியபோது மல்லனார் குறுக்கே வந்து நின்றார். முத்திரை அரசருடையது, சொல் உம்முடையது, அரசர் சொல் வராமல் இச்சுவரில் ஒரு கல்லும் அசையாது என்றார். அவர் சொன்னது முறைதான். ஆனால் முறை பேசும் நேரம் இதுவன்று. ஒரு சுவர் விழுந்து மறுசுவர் நிற்பதால் ஆபத்து முன்னிலும் பெரிதாயிற்று. இனி நீர் உள்ளே நுழையும், அந்தச் சிறு வாயில் வழியே ஆற்றுக்கு வெளியேற முடியாமல் தேங்கி, பக்கத்திலுள்ள தெருவுக்குள்ளேயே திரும்பும். அடியேன் பாதி செய்ததை முழுதாக்கத் தேவரீர் சொல் ஒன்றே வேண்டும்.

ஆதலின் ஊர்ப்பக்கச் சுவரை இடிக்க மல்லனாருக்குத் திருவாய்மொழி ஆணை உடனே வருக. கொட்டில் களஞ்சிய மேட்டில் எழுக. தரிசு என்று குறித்த இந்நிலம், வடகரைத் தெருவார் காக்கும் நீர்வழி என்று இன்றுமுதல் குறிக்கப்படுக.

தந்த ஆணையை மீறியவன் முத்திரையை வைத்திருத்தல் தகாது. மோதிரத்தை இவ்வோலை கொணரும் குதிரைவீரன் பூங்கண்ணன் வசம் அனுப்பியுள்ளேன். எனவே இவ்வோலையில் அரச முத்திரை இல்லை. திடலின் ஈரமண்ணை அப்பி அடியேன் பெருவிரலை ஊன்றியிருக்கிறேன். அடியேனைத் தண்டிக்கத் திருவுள்ளமானால் ஆட்கள் தேடி அலைய வேண்டியதில்லை. தெருவாரோடு அந்த இடைவெளியில்தான் அமர்ந்திருக்கிறேன்.

தேவரீர் சொல் நீருக்கு முந்தி வருக. நீர் முந்தினால் நாங்கள் எழுந்துவிடுவோம். சுவர் எழாது.